ஒரகடத்தில் ஒன்பது மனிதநேயர்கள்

மனிதநேயர்கள் மொத்தமாக எங்கே கிடைப்பார்கள் என்று இனி யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

என் தொழில் வாழ்த்து எழுதுவது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு திருமண வாழ்த்து, மணிவிழா மடல், பணி ஓய்வுப் பாராட்டு, தேர்தலில் தோற்றவருக்கு ஆறுதல் என்று எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் நான் புகழாத குணம் எதுவும் பாக்கியில்லை. இந்த முறை ஓர் அறக்கட்டளை விழா மலர் கேட்டிருந்தது. தலைப்பு, 'மனிதநேய மாமணிகளும் பொதுவாழ்வில் அவர்தம் தொண்டும்'. விருது வாங்கப்போகும் ஒன்பது பேரையும் நேரில் பார்த்து ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். "அங்க போயி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, நல்லதா நாலு வார்த்த எழுதிட்டு வாங்க" என்று சொல்லி முதலாளி என்னை அனுப்பிவைத்தார்.

முதல் நாள் சுங்குவார்சத்திரத்தில் இறங்கினேன். எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் காகிதம் கிடக்கும். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் அடையாள அட்டை. டீக்கடையில், கோயிலில், பிரியாணிக் கடை வரிசையில், எல்லார் கழுத்திலும் ஒன்று தொங்குகிறது. வெறும் கழுத்தோடு போன என்னை லாட்ஜ்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

"எந்த கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லைங்க. இந்தப் பக்கத்து மனிதநேயர்களைப் பார்க்க வந்திருக்கேன்."

அவர் பேரேட்டில் அதை எங்கே எழுதுவது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா தயார் பண்றாங்க அங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்குள் 'உதிரிபாகம்' என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே நான்கு பேரைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் நிலத் தரகர், பேருந்து நிழற்குடை கட்டித் தந்தவர். கூரைத் தகடு காற்றில் எப்போதோ போய்விட்டது. அவருடைய பெயர்ப் பலகை மட்டும் அசையாமல் நிற்கிறது. சனங்கள் நிழற்குடைக்கு வெளியே, அந்தப் பலகையின் நிழலில் நின்று பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். ஆக, நிழல் தந்தார் என்று எழுதியதில் பொய் இல்லை.

இரண்டாமவர் மரம் நடுபவர். வருடா வருடம் ஒரே குழியில் நடுகிறார். புகைப்படக்காரருக்கு வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். குழி சரியாமல் இருக்கச் சுற்றிலும் சிமெண்ட் பூசி வைத்திருந்தார். மூன்றாமவர் விடுதி நடத்துகிறார். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே மெத்தை. ஒருத்தர் எழுந்து போகும்போது அடுத்தவர் வந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான். "பசங்களுக்குத் தங்க இடம் இல்லாம இருக்கக் கூடாது சார், அதான் நம்ப கொள்கை" என்றார். படுத்தவர்களின் கொள்கையை நான் கேட்கவில்லை. நான்காமவர், வேலை செய்தவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார் என்பதற்காக விருதுக்குத் தேர்வானவர். இந்தப் பக்கத்தில் அது பெரிய விஷயம் என்று அறக்கட்டளைக்காரர்களே சொன்னார்கள்.

சாயங்காலம் விருதுநகர் பரோட்டா என்று போர்டு மாட்டிய கடையைப் பார்த்ததும் நாக்கு ஊறிவிட்டது. எங்கள் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டா மொறுமொறுவென்று, சால்னாவை ஊற்றினாலும் கொஞ்ச நேரத்துக்கு விறைப்பாகவே நிற்கும். மாஸ்டர் ஒடிசாக்காரர். விருதுநகர் எந்தத் திசை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பரோட்டா அச்சு அசல் ஊர்ப் பரோட்டா. அன்றைக்குப் பார்த்தவர்களில் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் ஒரகடம் போக ரோட்டில் நின்றேன். ஒரு வெள்ளைப் பேருந்து வந்தது, பத்துப் பேர் ஏறினார்கள், நானும் ஏறினேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. உட்கார்ந்த நிமிடமே எல்லாரும் தூங்கிப்போனார்கள். எனக்கும் கண் சொருகியது. விழித்துப் பார்த்தால் வண்டி ஒரு தொழிற்சாலையின் கேட்டுக்குள் நிற்கிறது. ஏறியது கம்பெனி பஸ்.

காவலாளி என் கழுத்தைப் பார்த்தார். "இன்னா சார், ஐடி எங்க? எந்த லைனு?"

நான் வாழ்த்து எழுதுபவன் என்று விளக்கினேன். அவர் வாக்கிடாக்கியில், "சார், இங்க ஒர்த்தர் கீறாரு, எந்த லைன்லயும் இல்லையாம்" என்று யாருக்கோ சொன்னார். அரைமணி நேரம் கழித்து வெளியே விட்டார்கள். நான் போக வேண்டிய இடம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்பதால் கோபப்படவில்லை.

ஐந்தாம் மனிதநேயர் ஏழுமலை. சேரப்பணஞ்சேரி பக்கம் பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துத் தரும் பட்டறை வைத்திருக்கிறார், ஆள் சப்ளையும் உண்டு. மலரில் நடுப்பக்கம் இவருக்குத்தான். மேசைமேல் வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே மனிதத் தோல் நிறத்தில் நான்கு செயற்கை விரல்கள், நகம் ரேகையோடு. கைவிரல்கள் போன ஒரு பெண்ணுக்கு விழா மேடையில் இவர் அதை மாட்டிவிடப் போகிறாராம்.

"எழுதிக்கோங்க சார்," என்று நாற்காலியில் சாய்ந்தார். "மூணாம் நம்பர் பிரஸ்ல அந்தப் பொண்ணு கை மாட்டிக்கிச்சு. வேற ஓனரா இருந்தா ஆட்டோவுக்குப் போன் பண்ணினு நின்னுருப்பான். நான் இன்னா பண்ணேன், என் கார்லயே தூக்கிப் போட்டுனு போனேன். வெள்ள சீட்டு. ஃபுல்லா ரத்தம். இன்னிக்கு வரைக்கும் கறை போகல, போய்ப் பாருங்க. நான் ஒரு வார்த்த சொல்லலியே அந்தப் பொண்ண."

சீட்டைப் போய்ப் பார்த்தேன். கறை இருந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

படம் எடுப்பதற்காக அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கலாம். வலக்கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். என் பேச்சைக் கேட்டதும், "அண்ணாச்சிக்கு எந்தூரு?" என்றாள். சிவகாசி என்றேன். அவள் பேச்சியம்மாள், சங்கரன்கோவில் பக்கம், டிப்ளமா படித்துவிட்டு மூன்று வருடமாக இங்கே வேலை. அண்ணாச்சி என்ற சொல்லை இந்த ஊரில் மளிகைக் கடைக்காரருக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதை மரியாதையாகக் கேட்டதில் எனக்கு மனசு இளகிவிட்டது.

காத்திருந்த நேரத்தில், மலருக்காக ஏற்கெனவே கோத்து வைத்திருந்த 'உலக மனிதநேயர்கள்' பக்கத்தை வாசிக்கக் கொடுத்தேன். பக்கம் என்பது மரியாதைக்குச் சொல்வது. விளம்பரம் போக அரைப் பக்கம். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர், சிறைக் கொடுமையை ஒழித்தவர், கடவுளை ஒதுக்கிவிட்டு மனிதனைக் கவனி என்று சொல்லி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர், வேலை நேரத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்று போராடியவர், எல்லாரும் தபால்தலை அளவில் அடுக்கப்பட்டிருந்தார்கள்.

அவள் நிதானமாகப் படித்தாள். "எட்டு மணி நேரம்தான் வேலைன்னு இவரு வாங்கிக் குடுத்தாராக்கும்?"

"அவர் மட்டும் இல்லம்மா. நிறையப் பேர் சேர்ந்து வாங்கினது."

"எங்களுக்குப் பன்னெண்டு. இவரு ஒரகடம் வரல போல."

பிறகு கைப்பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தாள். "நீங்க எழுத்து வேல பாக்குறவுகதான அண்ணாச்சி. மேடையில வச்சு இதுல கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. போட்டா என்னாகும்?"

நன்றிக் கடிதம் அது. 'நான் தங்கியிருந்த விடுதியில் கிரைண்டரில் மாவு அரைக்கும்போது என் கவனக்குறைவால் கை சிக்கிக்கொண்டது. எனக்கு எந்தக் கடமையும் இல்லாத நிலையிலும் கருணையுள்ளம் கொண்ட திரு. ஏழுமலை அவர்கள்...' என்று போனது. நடை நன்றாகவே இருந்தது. எனக்குப் போட்டியாக இந்தப் பக்கம் யாரோ ஒருவர் இருக்கிறார்.

"உங்க விடுதியில கிரைண்டர் இருக்கா?"

"பாக்கெட்டு மாவுதான் அண்ணாச்சி. மிக்சியே கிடையாது. ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டப்பவே கிரைண்டருன்னு எழுத வச்சிட்டாங்க. எனக்கு நெனவே இல்ல அப்ப. ஐடி கார்ட புதுசு அடிச்சுத் தாரேன்னு வாங்கிட்டுப் போனாங்க, திரும்பத் தரல. நான் அங்க வேல பாத்ததுக்கே இப்ப ரெக்கார்டு இல்ல."

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். நாளை மறுநாள் விசாரணை. வேலையில்தான் அடிபட்டது என்று நிரூபித்தால் மருத்துவமும் ஈட்டுத்தொகையும் கிடைக்கும். இல்லாவிட்டால் நான்கு ரப்பர் விரல்களோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். "எழுத்துல ஒன்னு கொண்டாம்மான்னு மேடம் கேக்காங்க. கூட வேல பாத்த பிள்ளைக யாரும் வர மாட்டேங்குதுக. அதுகளுக்கும் வேல போயிரும்ல, நான் எப்படிக் கூப்பிட?"

அவள் அழவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்துக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நின்றவர் ஒருவருக்கு விரல்கள் போயின. அவரை வாசலில் வாட்ச்மேனாகப் போட்ட முதலாளிக்கு ஒரு சங்கத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். வாழ்த்து மடலை நான்தான் எழுதினேன். 'விரல் இழந்தோர்க்கு விழியானவரே' என்று ஆரம்பித்து, கைதட்டலும் வாங்கினேன். வாட்ச்மேன் கேட்டில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் முழுக்க ஒரகடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து எழுதினேன். கடைக்காரர் தட்டச்சு செய்துகொண்டே, "இன்னா சார், எல்லாரும் வள்ளலாவே கீறாங்க" என்று அலுத்துக்கொண்டார். ஏழுமலைக்கு மட்டும் தனிக் கவனம் எடுத்துக்கொண்டேன். முதல் பக்கம் முழுக்க அடைமொழி. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி எழுதினேன்: 'தம் பட்டறையின் மூன்றாம் எண் பிரஸ் இயந்திரத்தில், பணி நேரத்தில், தம்மிடம் மூன்றாண்டுகளாக உழைத்துவந்த செல்வி பேச்சியம்மாளின் வலக்கை சிக்குண்டு நான்கு விரல்கள் துண்டான அக்கணமே, தம் வெண்ணிற மகிழுந்தின் இருக்கை செந்நிறமாவதையும் பொருட்படுத்தாது அள்ளிச் சென்ற அருளாளர்.' இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். அதைவிட முக்கியம், அதில் பொய் இல்லை. என் தொழிலில் இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

பயமாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர் கைவிட்டுப் போனால் முதலாளி என்னையும் அனுப்பிவிடுவார். இந்த வயதில் புகழ்வதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று இரண்டு டீ குடிக்கும் வரை யோசித்தேன். பிறகு எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன்.

சிவகாசி அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் பிழை என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக, அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் புரூஃபின் ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்த்தேன், சரி, அச்சிடலாம்' என்று எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்வோம். ஏழுமலை புரூஃபைக் கையில் வாங்கியதும் முதலில் தன் படத்தைச் சாண் போட்டு அளந்தார். விடுதிக்காரர் பக்கத்தைப் புரட்டி அவர் படத்தையும் அளந்தார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கழுத்துச் சங்கிலி படத்தில் வெட்டுப்படவில்லையே என்று பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஃபுல்லா கீது இல்ல?"

"இருக்குதுங்க. இரண்டாம் பக்கத்தையும் ஒரு தடவை படிச்சிருங்க ஐயா, அதுதான் எங்க முறை."

"நீங்க எழுதுனா தப்பா இருக்குமா சார்," என்று பேனாவை எடுத்தார். மேலிருந்து இரண்டு வரியை உதடசையப் படித்தார். "தமிழ் சோக்கா கீது." இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். கம்பெனி முத்திரையை நான் கேட்கவே இல்லை. அவராகவே எடுத்துக் குத்தினார்.

அங்கிருந்து நேராகப் பேச்சியம்மாளின் விடுதிக்குப் போய், அந்த இரண்டு தாள்களையும் அவள் கையில் கொடுத்தேன். நகல் மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். அவள் இரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். "அருளாளர்னா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள். அதை விட்டுவிட்டு மற்றதைப் படி என்றேன்.

நான்காம் நாள் நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மீதி மனிதநேயர்கள் நால்வரிடம் போனிலேயே விவரம் கேட்டு முடித்துக்கொண்டேன். நேரில் பார்த்ததாகத் தொடக்கத்தில் சொன்னேனே, அது தொழில் பழக்கம். காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேச்சியம்மாளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

ஏழுமலை வெள்ளைச் சட்டையில் முன்னாலேயே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இதையும் மலர்ல போடப் போறீங்களா சார்?" என்றார்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட அம்மையார், அதிகம் பேசாதவர். ஏழுமலை எழுந்து நின்றார். "அந்தப் பொண்ணு நம்பகிட்ட வேலைக்கு இல்ல மேடம். ஹாஸ்டல்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு. பாவம்னு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். நல்லது செய்யப் போயி எனக்குக் கெட்ட பேரு."

அதிகாரி பேச்சியம்மாளைப் பார்த்தார். "எழுத்துல ஏதாவது கொண்டுவந்தியாம்மா?"

அவள் இடக்கையால் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தாள். அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தார். நான் எழுதிய ஒரு வாழ்த்தை ஒருவர் கடைசி வரி வரைக்கும் படித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாய்விட்டு வாசித்தார். குமாஸ்தா தலையை நிமிர்த்தினார்.

"இதை யார் எழுதினது?"

எழுந்து நின்றேன். "நான்தான் மேடம்."

"இவர் சொல்லித்தான் எழுதினீங்களா?"

"ஆமா மேடம். இவர் சொன்னப்ப எழுதின நோட்டு இருக்கு. வேலை பார்த்த வருஷம் மட்டும் அந்தப் பொண்ணு சொன்னது. அடைமொழி என்னோடது."

ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. அதில் கோபத்தைவிட, வாழ்த்துக்காரன் இப்படிச் செய்வானா என்ற ஆச்சரியம்தான் அதிகம். "நான் படிக்காம போட்டுட்டேன் மேடம்."

"படிச்சீங்களான்னு நான் கேக்கல. கையெழுத்து யாரோடது?"

அவர் தாளைப் பார்த்தார். முத்திரையையும் பார்த்தார். "என்னுதுதான்."

"எழுதிக்கோங்க," என்று குமாஸ்தாவிடம் சொன்னார் அதிகாரி. பிறகு பேச்சியம்மாளிடம், "இதை வச்சே தீர்ப்பு ஆகிடாதும்மா. பட்டறைக்கு நானே போய் அந்த மிஷினையும் ரெஜிஸ்டரையும் பாக்கணும். ஆனா கிரைண்டர் கதையை இனி இந்த ரூம்ல நான் கேக்க மாட்டேன்" என்றார்.

குமாஸ்தா வாக்குமூலத்தை எழுதி முடித்து, அவள் கையைப் பார்த்துவிட்டு, மைப்பெட்டியைத் தள்ளினார். "கட்டைவிரல் இருக்குதில்லம்மா, ரேகை வச்சிடு. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"எனக்கு எழுதத் தெரியும் சார்."

"இந்தக் கையில எப்படிம்மா?"

அவள் பேனாவை இடக்கையில் வாங்கினாள். வலக்கையின் கட்டைவிரலால் தாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்தின் இரட்டைக் கொம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள். ஏழுமலை மேசையோரம் வந்து, "நான் முதல்ல போட்டுட்டுக் கிளம்பட்டுமா மேடம், சைட்ல வேல கீது" என்றார். அவங்க போட்டபிறகு அதுக்குக் கீழேதான் நீங்க போடணும், நில்லுங்க என்றார் அதிகாரி. அவர் நின்றார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சியம்மாள் கடைசி எழுத்தையும் எழுதி, அதன்மேல் புள்ளியும் வைத்து, சரியாக இருக்கிறதா என்று முழுப் பெயரையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை ஏழுமலையிடம் கொடுத்தாள்.